வீட்டுத் தொட்டியில் பவளம் வாடுகிறதா? பாட்டில் மருந்து வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்கள்

திங்கட்கிழமை வரை நன்றாக விரிந்திருந்த பவளம் வியாழக்கிழமை சுருங்கிக் கிடக்கிறது. நிறமும் மங்கிவிட்டது. கடையில் கேட்டால் ஒரு பாட்டிலைக் காட்டுகிறார்கள். நண்பர் லைட்டைக் கூட்டச் சொல்கிறார், இன்னொருவர் குறைக்கச் சொல்கிறார். நீங்கள் மூன்றையும் ஒரே வாரத்தில் செய்து பார்க்கிறீர்கள். அடுத்த வாரம் பவளம் இன்னும் மோசமாகிறது.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர் இந்த இடத்தைக் கடந்துதான் வந்திருப்பார்கள். பவளத்தின் பிரச்னை பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது. தண்ணீரில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல முடியும்.

என்ன அளப்பது, எந்த வரிசையில் அளப்பது, எதைச் செய்யாமல் இருப்பது? இந்தியாவில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் இருக்கிறது. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

பவளம் செடியா, கல்லா?

இரண்டும் இல்லை. பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சின்னச் சின்ன உடல்கள் கூட்டமாகச் சேர்ந்து வாழ்கின்றன. பல வகைகளின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை இப்படிக் கிடைக்கலாம்.

பவளத்தின் பழுப்பு நிறத்துக்கும் இந்தப் பாசிதான் காரணம். வெப்பமோ, அளவுக்கு மீறிய ஒளியோ, வேறு ஏதாவது அதிர்ச்சியோ ஏற்பட்டால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். திசு கண்ணாடி போலாகி, அடியில் இருக்கும் வெள்ளைக் கூடு தெரியும். இதைத்தான் வெளுத்தல் என்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெளுத்த பவளம் இறந்த பவளம் அல்ல, பட்டினி கிடக்கும் பவளம். சூழல் சீரானால் பாசி திரும்ப வரும். ஆனால் திசுவே உரிந்து வெறும் கூடு தெரிந்தால் அந்தப் பகுதி போய்விட்டது என்று அர்த்தம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கு மேல் மெல்லிய திசு இருக்கிறதா, இல்லையா என்பதுதான் முதல் கேள்வி.

தொட்டியில் கைவைக்கும் முன் மூன்று கேள்விகள்

ஒன்று: வாடியிருப்பது ஒரே ஒரு பவளமா, எல்லாமுமா? எல்லாம் வாடியிருந்தால் தண்ணீர், வெப்பம், உப்பு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் என்றால் அது இருக்கும் இடம், அதன் மேல் விழும் ஒளி, பக்கத்தில் இருக்கும் பவளம், பூச்சி ஆகியவற்றைப் பாருங்கள்.

இரண்டு: திடீரென்று நடந்ததா, மெதுவாகவா? சில மணி நேரத்தில் நடந்தது என்றால் வெப்பம், மின்தடை, நச்சு போன்றவை காரணமாக இருக்கலாம். வாரக்கணக்கில் நடந்தது என்றால் ஒளி, சத்துக் குறைவு, மெல்ல நகர்ந்த உப்பு அளவு.

மூன்று: கடந்த இரண்டு வாரத்தில் என்ன மாறியது? புது லைட், புது உப்பு பாக்கெட், புது மீன், மீனுக்குப் போட்ட மருந்து, ஊருக்குப் போன நாலு நாள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பதில் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலேயே இருக்கும்.

ஒரு பொய் அபாயமும் உண்டு. தோல் பவளம் எனப்படும் சார்கோஃபைட்டான் வகை அவ்வப்போது சில நாட்கள் மூடிக்கொண்டு, மேலே மெழுகு போல ஒரு படலத்தை உரித்துப் போடும். அது நோய் இல்லை. நீரோட்டம் கொஞ்சம் படும்படி செய்துவிட்டு விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் திறக்கவே இல்லை என்றால் மட்டும் தேடத் தொடங்கலாம்.

எந்த எண்கள் எங்கே இருக்க வேண்டும்?

பவளத் தொட்டிக்குப் பொதுவாக ஏற்கப்படும் வரம்புகள் இவை:

• வெப்பநிலை: 24 முதல் 27 டிகிரி செல்சியஸ்
• உப்பு: 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி சுமார் 1.026)
• பிஎச்: 7.8 முதல் 8.4
• ஆல்கலினிட்டி: 7 முதல் 11 டிகேஎச் (இயற்கைக் கடலில் சுமார் 7)
• கால்சியம்: லிட்டருக்கு 400 முதல் 450 மி.கி.
• மெக்னீசியம்: லிட்டருக்கு 1,250 முதல் 1,350 மி.கி.
• நைட்ரேட்: 2 முதல் 10 பிபிஎம்
• பாஸ்பேட்: 0.03 முதல் 0.1 பிபிஎம்
• அம்மோனியா: 0

இந்த வரம்புக்குள் எங்கே நிற்கிறது என்பதைவிட, ஒரே இடத்தில் நிற்கிறதா என்பது முக்கியம். ஆல்கலினிட்டி எப்போதும் 7.5 ஆக இருக்கும் தொட்டியில் பவளம் நன்றாகவே வாழும். திங்கள் 7, புதன் 10, சனி 8 என்று ஆடும் தொட்டியில் வாழாது.

முதலில் உப்பு, ஏன்?

அளப்பது எளிது, தவறுவதும் எளிது என்பதால். ஆடும் முள் வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. ஆனால் அதைத் தூய நீரில் பூஜ்ஜியம் வைத்தால் மட்டும் போதாது, 35 பிபிடி தரக் கரைசலிலும் சரிபாருங்கள்.

அடுத்தது, ஆவியாகும் தண்ணீர். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. 100 லிட்டர் தொட்டியில் 5 லிட்டர் ஆவியானால் 35 பிபிடி என்பது 36.8 ஆகிவிடும். அதை ஈடுகட்ட நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். சிலர் உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். தினம் 1 லிட்டர் ஆவியாகி, தினம் 1 லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு 0.35 பிபிடி ஏறும். பத்தே நாளில் 38.5. இது மெதுவாக ஏறுவதால் கண்ணுக்குத் தெரியாது. பவளம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகும்.

திருத்தும்போது அவசரம் வேண்டாம். நாளுக்கு 1 பிபிடிக்கு மேல் மாற்றாதீர்கள்.

வீட்டு ஆர்ஓ தண்ணீர் போதாதா?

நம் சமையலறையில் இருக்கும் ஆர்ஓ கருவி குடிப்பதற்கானது. பல கருவிகளில் டிடிஎஸ் கட்டுப்படுத்தி என்ற பெயரில் கொஞ்சம் வடிகட்டாத நீரைத் திரும்பக் கலக்கிறார்கள், இல்லையென்றால் தாது உப்பு சேர்க்கிறார்கள். நமக்கு அது நல்லது, பவளத்துக்கு அது கணக்கில் வராத சரக்கு. டிடிஎஸ் மீட்டர் விலை குறைவு, வாங்கி அளந்து பாருங்கள். பவளத் தொட்டிக்கான ஆர்ஓ-டிஐ நீரில் அது 0 காட்ட வேண்டும்.

குழாய் நீரில் குளோரின் இருக்கும். பழைய குழாய் வழியாகத் தாமிரமும் வரலாம். மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தரும் பல மருந்துகளிலும் தாமிரம் உண்டு. மீனுக்கு மருந்தாகும் அளவே பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம். மருந்து கொடுக்க வேண்டுமானால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் கொடுங்கள்.

வெயில், கரண்ட் கட், ஏசி ரூம்

இந்திய வீடுகளின் பிரச்னை இங்கேதான் தொடங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் காலையில் ஏசியை அணைத்துவிட்டு அலுவலகம் போகிறீர்கள். மாலை திரும்பும்போது தண்ணீர் 31 டிகிரி. இப்படித் தினமும் ஏறி இறங்கினால் எந்தப் பவளமும் தாங்காது. தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறிய ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாதல் கூடும், ஈரப்பதம் அதிகமான கடலோர ஊர்களில் பலனும் குறையும். அங்கே சில்லர் இல்லாமல் பவளம் வளர்ப்பது கஷ்டம். அந்தச் செலவு தாங்காது என்றால் பவளத் தொட்டியையே தவிர்ப்பது நல்லது.

கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். லைட் இல்லாமல் ஒரு நாள் முழுக்கப் பவளம் தாங்கும், நீரோட்டம் இல்லாமல் பல மணி நேரம் தாங்காது. எனவே இன்வெர்ட்டரில் லைட்டைச் சேர்க்காதீர்கள், வேவ்மேக்கரைச் சேருங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று போதும்.

பிஎச் எப்போதும் 7.7-லேயே நிற்கிறதா? பாட்டிலைத் தேடும் முன் ஜன்னலைத் திறந்து பாருங்கள். மூடிய ஏசி அறையில் நாம் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது. அது நீரில் கரைந்து பிஎச்சை இறக்கும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளிக்காற்று எடுக்கும்படி நீட்டி வைத்தாலே பல வீடுகளில் இது சரியாகிவிடும்.

எந்த அறிகுறிக்கு என்ன காரணம்?

• மேற்புறம் மட்டும் வெளுக்கிறது: ஒளி அதிகம். புது எல்இடி மாட்டிய வீடுகளில் இதுதான் வழக்கமான கதை. தீவிரத்தைப் பாதியாகக் குறைத்து, சில வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள்.
• நிறம் அடர் பழுப்பாகிறது: ஒளி குறைவு அல்லது நைட்ரேட், பாஸ்பேட் அதிகம். உள்ளே பாசி பெருகியிருக்கிறது.
• சோவாந்திட் தண்டு நீண்டு மேலே எட்டுகிறது: ஒளி போதவில்லை. கொஞ்சம் உயரத்துக்கு மாற்றுங்கள்.
• மொத்தமாக வெளிறுகிறது, வளரவும் இல்லை: பட்டினி. கீழே விளக்கியிருக்கிறோம்.
• கல் பவளத்தில் அடியிலிருந்து திசு உரிகிறது: ஆல்கலினிட்டி ஆட்டம்தான் முதல் சந்தேகம். சில மணி நேரத்தில் முழுவதும் உரிந்தால், உயிருள்ள நுனியை வெட்டித் தனியே வைப்பது ஒன்றே வழி.
• பழுப்பு ஜெல்லி போல வழிகிறது, நாற்றம் அடிக்கிறது: பிரவுன் ஜெல்லி நோய். பரவக்கூடியது. நீரோட்டத்தை நிறுத்திவிட்டு, ஜெல்லி கலையாமல் பவளத்தை வெளியே எடுங்கள்.
• ஒரு பக்கம் மட்டும் எரிந்தது போல இருக்கிறது: பக்கத்துப் பவளத்தின் கொட்டு. கேலக்ஸியா போன்றவை இரவில் 30 செ.மீ. வரை நீளும் கொட்டும் இழைகளை வீசும்.

ஒளியைப் பொறுத்தவரை, வாட் கணக்கு உதவாது. பிஏஆர் என்ற அளவைப் பாருங்கள். மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதும். அக்ரோபோரா போன்ற நுண்பாலிப் கல் பவளங்களுக்கு 200 முதல் 350 வரை வேண்டும்.

ஆல்கலினிட்டியை ஆப்பசோடாவால் உயர்த்தலாமா?

உயர்த்தலாம், கணக்கோடு. ஆப்பசோடா என்பது சோடியம் பைகார்பனேட். 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் போதும். ஆர்ஓ-டிஐ நீரில் முழுக்கக் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நாளுக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம். வேறு பொருள் கலக்காத தூய சோடாவாக இருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடவே கூடாது.

டெஸ்ட் கிட் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை அளக்க வேண்டும்.

தண்ணீர் சுத்தமாக இருந்தால் நல்லதுதானே?

அளவோடுதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியமாக இருக்கும் தொட்டியில் பவளமும் அதன் பாசியும் பட்டினி கிடக்கும். அந்த வெற்றிடத்தில் டைனோஃப்ளாஜெலேட் எனப்படும், குமிழிகளோடு கூடிய பழுப்பு நூல் போன்ற தொல்லை பெருகும். மீனுக்குச் சற்றுக் கூடுதலாகத் தீனி போடுவது, பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுவது என்று எளிய வழிகளில் இதைச் சரிசெய்யலாம்.

எதிர்ப்பக்கம், நைட்ரேட் 50 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால், புதிதாக எதுவும் சேராவிட்டாலும் நாலு வாரம் கழித்து சுமார் 33-தான் வரும். தண்ணீர் மாற்றுவது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. தீனி, மீன்களின் எண்ணிக்கை, ஸ்கிம்மர் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பூச்சிகள்

புதுப் பவளத்தோடு விருந்தாளிகளும் வருவார்கள். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு, சோவாந்திட்டைத் தின்று அதன் நிறத்தையே பூசிக்கொள்ளும் ஓடில்லாக் கடல்நத்தை, கொட்டும் அய்ப்டேசியா ஆகியவை அதிகம் தெரிந்தவை. வாங்கியதும் பவளத்துக்கான டிப் கரைசலில் முக்கி எடுப்பது வழக்கம். ஆனால் டிப் முட்டைகளைக் கொல்லாது. எனவே தனித் தொட்டியில் சில வாரம் வைத்து, டிப்பை மீண்டும் செய்ய வேண்டும். அடிப்பகுதியில் முட்டைக் கூட்டம் தெரிந்தால் சுரண்டி எடுங்கள்.

சரி, இன்று இரவு என்ன பண்ணுவது?

1. வெப்பம், உப்பு, அம்மோனியா, ஆல்கலினிட்டி நான்கையும் அளந்து எழுதுங்கள்.
2. பம்ப், ஹீட்டர், வேவ்மேக்கர் ஓடுகின்றனவா பாருங்கள். துருப்பிடித்த காந்தமோ ஸ்க்ரூவோ தண்ணீரில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.
3. புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். மென்பவளங்கள் ஒன்றை ஒன்று எதிர்க்க விடும் ரசாயனங்களையும் வேறு பல நச்சுகளையும் அது உறிஞ்சும்.
4. வெப்பமும் உப்பும் பொருந்தும்படி கலந்த புதுத் தண்ணீரால் 10 முதல் 20 சதவீதம் மாற்றுங்கள்.
5. அதோடு நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு சில நாள் பொறுமை. பவளத்தை இடம் மாற்றி மாற்றி வைப்பதும் அதற்கு அடிதான்.

உங்களுக்கும் ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. சோவாந்திட், குறிப்பாக பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நச்சு உண்டு. 1971-இல் ஹவாயில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் இது. வேண்டாத சோவாந்திட்டை ஒழிக்கிறேன் என்று கல்லைக் கொதிக்கவைத்ததால் வந்த ஆவியைச் சுவாசித்து, குடும்பமாக மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

கல்லை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், காய்ந்த பிறகு பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். வெட்டும்போது கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், மூச்சுத் திணறல், தசைவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சோவாந்திட்டைக் கையாண்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

வீட்டில் பவளம் வைப்பது சட்டப்படி சரியா?

2001 முதல் எல்லாக் கல் பவளங்களும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கறுப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. புலி இருக்கும் அதே அட்டவணை. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பது, விற்பது, அனுமதியின்றி வைத்திருப்பது எல்லாம் குற்றம். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, கூடவே ரூ.25,000-க்குக் குறையாத அபராதம்.

லைவ் ராக் என்று விற்கப்படும் பாறைத் துண்டும் பல நேரம் பவளக் கூடுதான். கல் பவளங்கள் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கும் அனுமதி ஆவணங்கள் வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு, சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்யவும் வேண்டும்.

காளான் பவளம், தோல் பவளம், சோவாந்திட் போன்றவை முதல் அட்டவணையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அதனால் எங்கிருந்தும் எடுக்கலாம் என்று பொருளல்ல. கடல் தேசியப் பூங்காவுக்குள் எதை எடுத்தாலும் குற்றம்தான். “பேப்பர் எல்லாம் எதுக்கு சார்” என்று கேட்கும் கடையில் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வாங்கும் முன் வனத்துறையிடம் கேளுங்கள். செயற்கைப் பாறையும் மென்பவளங்களும் வைத்தே அழகான தொட்டி அமைக்கலாம். பராமரிப்பும் எளிது.

இந்தக் கெடுபிடி எதற்கு?

ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. பாறை அலையைத் தடுக்காவிட்டால் தீவும் நிற்காது.

இப்போது அதைவிடப் பெரிய ஆபத்து வெப்பம். ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரியைவிட கடல் 1 டிகிரி கூடினாலே பவளங்களுக்கு நெருக்கடி தொடங்குகிறது. அமெரிக்காவின் நோவா அமைப்பு இந்தக் கூடுதல் வெப்பத்தை வாரக்கணக்கில் கூட்டிப் பார்க்கிறது. கூட்டுத்தொகை 4-ஐத் தொட்டால் பரவலாக வெளுக்கும், 8-ஐத் தாண்டினால் இறக்கத் தொடங்கும். உலகளவில் நான்காவது பெரும் வெளுத்தல் நடப்பதாக 2024 ஏப்ரல் 15 அன்று நோவா அறிவித்தது. அந்த ஆண்டு லட்சத்தீவிலும் பவளங்கள் வெளுத்தன.

கடலின் வெப்பத்தைக் குறைக்க உங்களிடம் சில்லர் இல்லை. வீட்டில் இருக்கும் நூறு லிட்டர் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஒரு நோட்டு, நாலு டெஸ்ட் கிட், வாரத்தில் அரை மணி நேரம் இருந்தால் போதும். இந்த மூன்றுக்கும் வழியில்லை என்றால், உங்களிடம் இருக்கும் பவளத்தை ஆவணங்களோடு, சரியாகப் பராமரிக்கும் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். கடலில் மட்டும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். உங்கள் தொட்டியில் இருந்த பூச்சியும் நோயும் அதோடு கடலுக்குப் போய்ச் சேரும்.